காவல் ஏறிய மலை

இங்கிலாந்தின் ஐ.டி.வி. என்னும் தனியார் தொலைக்காட்சியில் 1984-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கி 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு வரையில், ஏறக்குறைய இருபத்தாறு வருஷ காலம், 'தி பில்' என்ற போலீஸ் நாடகம் நடைபெற்று வந்தது. லண்டன் மாநகரின் கிழக்கே இருப்பதாகக் கற்பித்துக்கொண்ட சன் ஹில் என்னும் ஸ்டேஷனே அதன் களம். ஜெஃப் மெக்வீன் என்பவர் எழுதி 1983-இல் ஒளிபரப்பான ஒரு தனி நாடகம் விதையாக அமைய, அதிலிருந்து கிளைத்த இத்தொடர் 2,400-க்கும் மேற்பட்ட பகுதிகளாக விரிந்து, அந்நாட்டு ஜனங்களுள் ஒரு தலைமுறையினர்க்குப் போலீஸ் ஸ்டேஷன் என்றால் இன்னதென்று மனத்தில் பதியவைத்த பெருங்கதையாயிற்று.

ஆரம்ப காலத்தில் அந்நாடகத்துக்கு ஒரு கண்டிப்பான நியமம் இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் உடன் இல்லாத காட்சி எதுவும் அதில் இடம்பெறலாகாது என்பதே அது. திருட்டு நிகழ்வதை நாம் காண்பதில்லை. திருட்டு நிகழ்ந்த வீட்டுக்குக் கான்ஸ்டபிள் வந்து சேரும்போதுதான் நாமும் வந்து சேர்கிறோம். மகனைப் பறிகொடுத்த தாயின் துக்கத்தை, அச்செய்தியைச் சொல்லப் போன காவலர் வாசற்படியில் நிற்கும் நேரத்துக்கு மட்டுமே காண்கிறோம். அவர் தொப்பியை எடுத்து அணிந்துகொண்டு திரும்பியதும் அத்தாயின் கதவு நமக்கும் மூடப்பட்டுவிடுகிறது. 2002-ஆம் ஆண்டில் பால் மார்க்வெஸ் என்பவர் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றபின் நாடகத்தின் போக்கே மாறிற்று. அவ்வாண்டின் கதைகளில் ஒன்றாக, ஸ்டேஷன் தீப்பற்றி எரிந்து அதில் ஆறு போலீஸார் மாண்டதும், உயிர்தப்பியவர்களின் காதலும் குடும்பக் கலகமும் குற்ற உணர்ச்சியும் வாரந்தோறும் நீண்டதும் அந்நாட்டில் பெரும்பேச்சாயின. ஆயினும் நியமம் எவ்வளவுதான் தளர்ந்தாலும், கதை ஸ்டேஷனை விட்டுப் போலீஸ்காரரின் வீட்டுக்குள் நுழைந்ததேயன்றி, அவரால் பிடிக்கப்பட்டவனின் வீட்டில் நெடுநேரம் தங்கவில்லை.

ஒரு நாடகாசிரியர் தம் கலையின் சௌகரியத்துக்காக இப்படியொரு வரம்பை விதித்துக்கொள்வதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் மெய்யான மனிதர்கள் வாழும் ஒரு பிரதேசத்தின் சரித்திரமே அந்த வரம்புக்குள் எழுதப்பட்டுவிட்டால், அது எத்தனை பெரிய அநீதியாக முடியும் என்பதற்கு நமது கள்ளக்குறிச்சிச் சீமையும் அதன் மேற்கே நிற்கும் கல்வராயன் மலையும் பிரத்தியட்சமான சாட்சியங்கள். அம்மலையைப் பற்றி ஏடுகளில் உள்ளவை யாவும் தாசில்தாரும் ரேஞ்சரும் சப்-இன்ஸ்பெக்டரும் மலையேறிய நாட்களில் கண்டவையே; அவர்கள் இறங்கிவந்த பிறகு மலையில் நடந்தவை நமது சரித்திரத்தில் நடவாதவையாகவே இருந்துவருகின்றன. காவல் என்ற பெயரால் அம்மலைக்குச் சென்ற அதிகாரம் எவ்வழியாக, எந்தக் காரியத்தை முன்னிட்டுச் சென்றது என்பதை ஆராய்ந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கும்பினியார் வருவதற்கு முன் இந்நாட்டில் காவல் என்பது பரம்பரைப் பாத்தியதையாக இருந்தது. பாளையக்காரர்கள் பெருவழிகளையும் பல ஊர்களையும் காத்துப் பெற்றது தேசகாவல். தனி ஊர்களைக் காத்தவர்கள் பெற்றது ஸ்தலகாவல். களவு போன பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும், மீட்க இயலாவிடில் அதன் மதிப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பது காவல்காரனுக்கு விதிக்கப்பட்ட தர்மம். இம்முறையில் கொடுமைகள் மலிந்திருந்தன என்பதையும், காக்க வேண்டியவனே களவுக்கு உடந்தையானது உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும் இழந்தவனுக்கு ஈடு கொடுக்கும் கடமை காவலனைச் சார்ந்தது என்ற அந்தப் பழைய ஏற்பாட்டை இன்றைய சட்டப் புத்தகம் எதிலும் நாம் காணமுடியாது. கும்பினியார் பாளையக்காரரின் காவலுரிமையைப் பறித்து, 1802-ஆம் வருஷத்து 35-ஆவது ரெகுலேஷனால் தரோகாக்கள் என்னும் காவல் அதிகாரிகளை ஏற்படுத்தினார்கள். அது பயன்படாதது கண்டு, 1816-ஆம் வருஷத்து 11-ஆவது ரெகுலேஷனால் காவல் அதிகாரத்தை ஊர்த்தலைவர்களிடமும் தாசில்தார்களிடமும் ஒப்படைத்தார்கள். வரி வசூலிப்பவனே குற்றம் விசாரிப்பவனாகவும் ஆகிவிட்டான்.

அதன் பலன் என்ன என்பதைச் சென்னை மாகாணத்துச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் 1855-இல் அளித்த அறிக்கையைப் போல அவ்வளவு அப்பட்டமாக வேறு எந்த ஏடும் சொல்வதில்லை. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அடங்கிய அக்கமிஷனுக்கு மாகாணத்தின் ஜில்லாக்களிலிருந்து குடியானவர்கள் நெடுந்தூரம் நடந்துவந்து முறையிட்டார்கள். கிஸ்தி கட்டாதவனுக்கும், திருடியதாகச் சந்தேகிக்கப்பட்டவனுக்கும் ஒரே விதமான வேதனைகள்: விரல்களை மரத்துண்டுகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி உச்சிவெயிலில் குனியவைக்கும் அண்ணாந்தாள். இவ்விரண்டு தமிழ்ச் சொற்களும் ஆங்கில அறிக்கைக்குள் அப்படியே ஏறி, லண்டன் பார்லிமெண்டு வரை சென்றன. கார்ல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் பத்திரிகையொன்றில் இந்தியச் சித்திரவதைகளைக் குறித்து எழுதியபோது ஆதாரமாகக் கொண்டது இவ்வறிக்கையைத்தான். நம் நாட்டு ஏழைக் குடியானவன், எழுத்தறியாதவன், தன் உடலின் தழும்புகளையே சாசனமாகக் காட்டிச் சொன்ன சொற்கள் சர்க்காரின் ஏட்டில் பதிவான அபூர்வமான தருணம் அது. அதை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம் ஒருங்கே நன்றியாலும் வேதனையாலும் நிறைகிறது.

அக்கமிஷன் வெளிப்படுத்திய அவமானத்தைத் துடைக்கும் முயற்சியாக வரிவேலையும் காவல்வேலையும் பிரிக்கப்பட்டு, 1859-ஆம் வருஷத்து 24-ஆவது சட்டத்தால் சென்னை மாகாணப் போலீஸ் படை தோன்றிற்று. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். இரண்டு வருஷம் கழித்து, 1861-இல், இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டம் வந்தது. இங்கே ஒரு வேறுபாட்டை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டும். சன் ஹில் நாடகத்தில் வரும் கான்ஸ்டபிள், ராபர்ட் பீல் 1829-இல் லண்டனுக்கென அமைத்த ஆயுதந்தரிக்காத காவல்படையின் வாரிசு; வீதியில் நடந்து, கடைக்காரனிடம் க்ஷேமம் விசாரித்து, ஜனங்களின் சம்மதத்தால் அதிகாரம் செலுத்துபவன் என்பது அவனைப் பற்றிய இலட்சியம். நமக்கு வந்துசேர்ந்த முறையோ, அயர்லாந்தை அடக்கிவைக்க ஆங்கிலேயர் வகுத்து, சார்லஸ் நேப்பியர் 1843-இல் சிந்து தேசத்தில் நாட்டிய, பாசறையும் துப்பாக்கியும் கொண்ட படைமுறையின் சாயல் படிந்தது. ஒரே அரசு தன் வீதிக்கு ஒரு காவலையும் தன் குடியேற்ற நாட்டுக்கு வேறொரு காவலையும் படைத்தது.

இந்த இரண்டாவது காவல் சமவெளியில் வேரூன்றிய பிறகும் கல்வராயன் மலையை நெடுங்காலம் எட்டவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை, இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரத்தில், சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும் இடையே பரந்து கிடக்கிறது. வடமேற்கே சித்தேரியும், வடக்கே ஜவ்வாதும், தெற்கே பச்சைமலையும் இதன் அண்டை வீட்டார். இங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்களின் மரபு. கரியராமனை வழிபடுபவர்கள், சாமையும் தினையும் மலைநெல்லும் விளைத்து, கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்துக் கீழ்நாட்டுச் சந்தையில் விற்பவர்கள். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் ஆகிய ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இம்மலையின் கள்ளக்குறிச்சிப் பகுதி இருந்தது. நிலத்தை அளந்து தீர்வை விதிக்கும் வழக்கம் அங்கில்லை. ஏருக்கு இவ்வளவு, கொத்துக்கு இவ்வளவு என்று வரி வாங்கப்பட்டது. களவும் கலகமும் கணவன் மனைவி பிணக்கும் ஊர்க்கவுண்டர் முன்னிலையில் பஞ்சாயத்தில் தீர்ந்தன. தீராதவை ஜாகீர்தாரரிடம் போயின. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் அங்கே இரவு தங்கவும் தயங்கினார்கள்.

எட்டிப் பார்த்துச் சென்ற சிலர்தாம் எழுதிவைத்தார்கள். லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் மானுவல், டபிள்யூ. ஃபிரான்சிஸ் 1906-இல் எழுதிய தென்னார்க்காடு கெஜட்டியர், எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தொகுத்த தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூல், ரிச்சர்ட்ஸ் 1918-இல் வெளியிட்ட சேலம் கெஜட்டியர் ஆகியவையே மலையாளி மக்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துகள். இவற்றின் ஆசிரியர்கள் யாவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். உழைப்பிலும் கூர்மையிலும் குறைவில்லாதவர்கள். ஆனால் மியூசியத் தலைவரான தர்ஸ்டன் மனிதரின் தலையையும் மூக்கையும் அளக்கும் வித்தையைக் குற்றவாளிகளை அடையாளம் காணும் பொருட்டுச் சென்னைப் போலீஸ் உத்தியோகஸ்தர்களுக்கும் போதித்தார் என்பதை அறியும்போது, அவர்கள் மலைக்காரனை நோக்கிய பார்வை எங்கிருந்து புறப்பட்டது என்பது விளங்குகிறது. சமவெளியிலோ, பிறப்பினாலேயே குற்றவாளி என்று பல சமூகங்களை முத்திரையிட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் அப்போது கோலோச்சிக்கொண்டிருந்தது.

இம்மலைக்கு மற்றொரு விதியும் வாய்த்தது. அதன் மேற்குச் சரிவும் கிழக்குச் சரிவும் நெடுங்காலம் வெவ்வேறு நிர்வாகங்களுக்கு உரியவையாகவே இருந்துவந்திருக்கின்றன. திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் சேலம் பக்கம் 1792-இல் கும்பினியாருக்குக் கைமாறிற்று. ஆர்க்காட்டு நவாபின் பிடியிலிருந்த கள்ளக்குறிச்சிப் பக்கம் 1801-இல்தான் மாறிற்று. மலைமேல் ஒரே குலத்தவர், ஒரே தெய்வத்தை வணங்குபவர், கொள்வினை கொடுப்பினை உடையவர், இருவேறு ஜில்லாக்களின் பிரஜைகளாயினர். ஜில்லா எல்லை காகிதத்தில் ஒரு கோடு. மலைக்காரனுக்கு அது ஓர் ஓடையோ ஒரு பலாமரமோதான். ஆனால் அக்கோடு உயிர்பெற்று எழுந்த நாள் ஒன்று உண்டு. அது 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி.

அன்றுதான் சென்னை மாகாணப் பிரதம மந்திரி ராஜாஜி தம் சொந்த ஜில்லாவாகிய சேலத்தில் மதுவிலக்கை அமல்நடத்தினார். குடியால் அழியும் ஏழைக் குடும்பங்களின்பால் அவர் கொண்டிருந்த காருண்யத்தை நான் சந்தேகிக்கவில்லை. கலால் வருமானத்தின் இழப்பை ஈடுகட்டப் பின்னர் விற்பனை வரியையே கொண்டுவந்த அளவுக்கு அவருடைய உறுதி ஆழமானது. 1938-இல் சித்தூரும் கடப்பையும், 1939-இல் வடஆர்க்காடும் மதுவிலக்கு ஜில்லாக்களாயின. தென்னார்க்காடு அக்கணக்கில் அப்போது சேரவில்லை. எனவே கல்வராயன் மலையின் மேற்குச் சரிவில் குற்றமாகிவிட்ட ஒரு பண்டத்துக்கு, கிழக்குச் சரிவின் அடிவாரத்தில் சர்க்கார் லைசென்சுடன் கடை இருந்தது. மலைக்கு இருபுறமும் சட்டம் வெவ்வேறாக இருக்கும்போது, அம்மலையின் ஒற்றையடிப் பாதைகள் எதற்குப் பயன்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சுதந்திரத்துக்குப் பின், 1948-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது இரு சரிவுகளுக்கும் சட்டம் ஒன்றாயிற்று, பாதைகளோ மறக்கப்படவில்லை.

மலையில் சாராயம் காய்ச்சும் தொழிலைப் பற்றி ஈண்டு விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் காவல் என்பது அம்மக்களில் பெரும்பாலோர்க்கு இதன் வழியாகவே அறிமுகமாயிற்று. வெல்லத்தை நீரில் கரைத்து, வேலம்பட்டையும் கடுக்காயும் இடித்துப் போட்டு, ஓடைக்கரையில் மறைவான இடத்தில் பானையிலோ பேரலிலோ சில நாட்கள் புளிக்கவைப்பதற்கு ஊறல் போடுதல் என்று பெயர். ஊறல் பொங்கி அடங்கியபின் அடுப்பேற்றி, ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குவது சாராயம். நீரும் விறகும் பட்டையும் கடுக்காயும் மலை தருவன. வெல்லம் மட்டும் கீழிருந்து மேலே போகவேண்டும், சாராயம் மேலிருந்து கீழே வரவேண்டும். லாரி டியூபில் நிரப்பி முதுகில் சுமந்து, இரவோடிரவாகக் கச்சிராயபாளையம், சங்கராபுரம் பக்கங்களுக்கு இறங்கியவர்கள் மலைப்பிள்ளைகள். வெல்லத்துக்கு முதல் போட்டவனும், இறங்கிய சரக்கை விற்று மாடிவீடு கட்டியவனும் மலையில் இருப்பதில்லை. மரவள்ளிக்கு விலை விழுந்த வருஷத்தில், பட்டா இல்லாத நிலத்தைக் காட்டிப் பாங்கியில் கடன் பெற முடியாதவன், அடுத்த மழை வரையில் வீட்டில் அடுப்பெரிய எதைச் செய்வான் என்ற கேள்வியைக் கேட்டுப் பாராமல் அவனைக் கள்ளச்சாராயக்காரன் என்று அழைத்துவிடுவது எளிது.

இத்தொழிலைச் சட்டம் எப்படி நடத்தியது என்பதில் ஒரு விசித்திரம் உண்டு. 1886-ஆம் வருஷத்துச் சென்னை அப்காரிச் சட்டத்தின்கீழ், அனுமதியின்றிக் காய்ச்சுவது சர்க்காரின் வருமானத்துக்கு விரோதமான குற்றம். மதுவிலக்கு வந்தபோது அதே காரியம் ஒழுக்கத்துக்கு விரோதமான குற்றமாயிற்று. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கடைகள் திறந்தன, 1974-இல் மூடப்பட்டன, 1981-இல் திறந்தன, 1983-இல் டாஸ்மாக் தோன்றிற்று, 1990-இல் மலிவுவிலை மது வந்தது, மறுவருஷம் நின்றது, 2003-இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் ஏகபோகமாயிற்று. நாட்டின் கொள்கை இவ்விதம் திரும்பித் திரும்பி வந்த ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், சமவெளியில் குடிப்பவன் சில காலம் குற்றவாளியாகவும் சில காலம் கௌரவமான வாடிக்கைக்காரனாகவும் மாறினான். மலையில் ஊறல் போட்டவன் மட்டும் எல்லாக் காலங்களிலும் குற்றவாளியாகவே இருந்தான். 1982-இல் தமிழ்நாடு சர்க்கார் பிறப்பித்த தடுப்புக்காவல் சட்டம், பேச்சுவழக்கில் குண்டர் சட்டம் என்றே வழங்கினாலும், அதன் முழுப்பெயரில் முதலாவதாக நிற்பவர்கள் கள்ளச்சாராயக்காரர்களே.

ரெய்டு என்பது இம்மலையின் பருவகாலங்களில் ஒன்றாயிற்று. கல்வராயன் மலையில் இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு என்ற செய்தியைத் தினசரிகளில் ஆண்டுக்காண்டு படித்தவர்கள், பெயர்களை மாற்றிவிட்டால் எந்த வருஷத்துச் செய்தியென்று சொல்ல முடியாது. பேரல்களைக் கவிழ்த்துவிட்டுப் படை இறங்கிப்போகும். ஓடையில் கலந்த ஊறலின் புளிப்பு நாற்றம் தீருமுன்னே வேறோர் ஓடைக்கரையில் வெல்லம் கரையும். லண்டன் நாடகம் இருபத்தாறு வருஷத்தில் முடிந்துவிட்டது; இந்த நாடகம் எழுபது வருஷங்களுக்கு மேலாக ஒரே கதையை நடத்திவருகிறது. செங்குத்தான காட்டுப்பாதையில் ராத்திரி முழுவதும் நடந்து, அட்டையும் குளிரும் பொறுத்து, மேலதிகாரிக்குக் கணக்குக் காட்டவேண்டிய சாதாரணப் போலீஸ்காரரின் சிரமத்தையும் நான் அறியாதவனல்லன். அவரும் ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. அவரை மலைக்கு அனுப்பிய அரசு, அவருக்குமுன் ஒரு டாக்டரையோ உபாத்தியாயரையோ நில அளவைக்காரரையோ அனுப்பியிருந்தால், அவருடைய வேலை பாதி குறைந்திருக்கும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஜாகீர் முறையே 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் இம்மலையில் நீங்கிற்று. நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருஷங்கள் கழிந்திருந்தன.

போலீஸைப் பற்றித் தமிழர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்ட கதைகளும் இச்சரித்திரத்தோடு சேர்த்து எண்ணத்தக்கவை. மகேந்திரன் எழுதி, சிவாஜி கணேசன் முதலில் மேடையிலும் 1974-இல் திரையிலும் நடித்த 'தங்கப்பதக்கம்', கடமைக்காகப் பெற்ற மகனையே இழக்கும் எஸ்.பி. சௌத்ரியைத் தமிழர் உள்ளத்தில் நாட்டியது. அந்தக் கம்பீரத்தைக் கண்டு கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதுவும் ஸ்டேஷன் பக்கத்துக் கதைதான். பிடிபட்டவனின் மனைவி எந்த ஸ்டேஷன் வாசலில் எத்தனை நாள் காத்துக்கிடந்தாள் என்பதைப் பெருந்திரளான ஜனங்கள் பார்த்தது 2021-இல் வெளிவந்த 'ஜெய் பீம்' படத்தில். அதன் மூலமான 1993-ஆம் வருஷத்துச் சம்பவம் நிகழ்ந்தது வேறெங்கோ அன்று. கள்ளக்குறிச்சிக்கு அடுத்த விருத்தாசலம் பக்கத்தில், பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேதான். அவ்வழக்கை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவாக நடத்திய வக்கீல் சந்துரு பின்னர் நீதிபதியானார்.

கல்வராயனுக்கு அடுத்த சித்தேரி மலையடிவாரத்தில், இதே மலையாளி மக்கள் வாழும் வாச்சாத்தி கிராமத்தில், 1992-ஆம் வருஷம் ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்த வனத்துறையினரும் போலீஸாரும் ரெவின்யூ உத்தியோகஸ்தர்களும் செய்த கொடுமைகளை எழுதக் கை கூசுகிறது. பதினெட்டுப் பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. அப்பெண்கள் பத்தொன்பது வருஷம் சாட்சி சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி, குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோனவர்கள் நீங்கலாக எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023-இல் ஹைகோர்ட்டு அத்தீர்ப்பை உறுதிசெய்தது. 1855-இல் கமிஷன் முன் நின்ற குடியானவனுக்குப் பிறகு, ஸ்டேஷனுக்கு வெளியே இருந்தவரின் வாய்மொழி ஸ்டேஷனின் ஏட்டை வென்ற மகத்தான வழக்கு இதுவே என்று சொல்வேன்.

இனி, அண்மைக்காலத்துப் பரிதாபத்துக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. தனிக் கலெக்டரும் தனிப் போலீஸ் சூப்பிரண்டும் வந்தார்கள். அம்மாவட்டம் ஐந்து வயது நிரம்புமுன், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18, 19 தேதிகளில், நகரின் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் வெகுதூரமில்லாத கருணாபுரத்தில், பாக்கெட் சாராயம் குடித்த கூலித்தொழிலாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். பலருக்குக் கண் இருண்டது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் ஆஸ்பத்திரிகளிலும் புதுவை ஜிப்மரிலுமாக 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாய் தந்தை இருவரையும் ஒருங்கே இழந்த குழந்தைகள் உண்டு. இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வீதம் சர்க்கார் அறிவித்தது, கலெக்டர் மாற்றப்பட்டார், போலீஸ் சூப்பிரண்டு தாற்காலிக நீக்கம் செய்யப்பட்டார், அடுத்த சில வாரங்களில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டமே ஆயுள்தண்டனை வரையில் கடுமையாக்கப்பட்டது.

அவர்களைக் கொன்றது மலையின் ஊறலில் இறங்கிய சாராயமன்று. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். ஈரலில் அது ஃபார்மால்டிஹைடாகவும் பின் ஃபார்மிக் அமிலமாகவும் மாறிக் கண்ணின் நரம்பைச் சிதைத்து, இரத்தத்தைப் புளிக்கச் செய்து, மூச்சை நிறுத்துகிறது. வெல்லத்திலிருந்தும் வேலம்பட்டையிலிருந்தும் அவ்வளவு மெத்தனால் பிறப்பதில்லை. அது பேரலில் வாங்கி, வண்டியில் ஏற்றி, பெருஞ்சாலை வழியாக, சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த சரக்கு. அவ்வாறிருந்தும், சாவு நடந்த மறுநாளே படைகள் கல்வராயன் மலைமேல் ஏறின. ஓடைக்கரை ஊறல்கள் தேடித்தேடிக் கவிழ்க்கப்பட்டன. குற்றம் சமவெளியில் நடந்தாலும் தேடுதல் மலையில் தொடங்கவேண்டும் என்பது நெடுங்காலப் பழக்கம். முதலில் சி.பி.சி.ஐ.டி. விசாரித்த இவ்வழக்கை, அதே வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டு சி.பி.ஐ.க்கு மாற்றிற்று; அதை எதிர்த்த மாநில சர்க்காரின் மனுவை டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

ஆனால் இவ்வழக்கின் ஊடே, நாட்டில் அதிகம் கவனிக்கப்படாத வேறொரு காரியமும் நடந்தது. கள்ளச்சாராயத்துக்கு மலையைக் குறைசொல்லும் பேச்சு கோர்ட்டில் எழுந்தபோது, நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் சி. குமரப்பனும், அம்மலையின் மக்கள் எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்று தாமாகவே கேட்டு, கல்வராயன் மலைவாசிகளின் வாழ்நிலை பற்றித் தாமே ஒரு வழக்கைப் பதிவு செய்துகொண்டார்கள். ஜாகீர்தாரர் காலம், 1976-ஆம் வருஷத்து மாற்றம், சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பட்டா இவை யாவும் அக்கட்டில் பேசப்பட்டன. மலைக்காரன் குற்றவாளியாகப் பெயர் ஏறாமல், குறையுடையவனாகப் பெயர் ஏறிய ஏடு அது.

ஆயினும் கோர்ட்டுக் கட்டில் ஏறுவது வக்கீலின் மொழியும் அதிகாரியின் பதில்மனுவும்தான். 1976-இல் இருபது வயது வாலிபர்களாயிருந்தவர்கள் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் கருமந்துறையிலும் இன்று எழுபதை ஒட்டிய முதியவர்களாக இருக்கிறார்கள். ஜாகீர்தாரர் வீட்டுக்கு ஏர்வரி கொண்டுபோனவர்கள் அவர்கள். பஞ்சாயத்தில் வழக்கு எப்படித் தீர்ந்தது என்று கண்ணால் கண்டவர்கள். ஸ்டேஷன் மலைக்கு வந்த வருஷத்தை, முதல் ரெய்டை, கணவனை ஜாமீனில் எடுக்க அடகுவைத்த நகையை நினைவில் வைத்திருக்கும் பெண்கள் அவர்களுள் உண்டு. கள்ளக்குறிச்சியிலும் சேலத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. சரித்திரம் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு மலையேறி, ஜில்லா எல்லையைப் பாராமல் இரு சரிவுகளிலும் அந்த முதியோரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, போலீஸ் இறங்கிப்போன மறுநாள் காலையில் உங்கள் ஊரில் என்ன நடந்தது என்பதுதான்.